மழையில் டயர் பிடிக்குமா என்று கேட்டால் அம்பதாயிரம் ஓடும் என்கிறார்கள்

மூன்று வாரமாகக் கோயம்புத்தூரில் டயர் கடை டயர் கடையாக ஏறி இறங்குகிறேன். இதுவரை ஏழு கடை. வண்டி ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார், டயர் அளவு 195/55 ஆர்16. கிடைக்காத அளவெல்லாம் இல்லை, ஹூண்டாய் ஐ20 என் லைன் காருக்கும் இதேதான். நான் கேட்பது ஒரே கேள்வி: மழையில் எப்படிப் பிடிக்கும்? ஏழு கடையிலும் ஒரே பதில். "அம்பதாயிரம் கண்ண மூடிட்டு ஓடுங்ணா."

எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று நான் கேட்கவே இல்லையே!

போன மாதம் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது நல்ல மழை. ஒரு கொண்டை ஊசி வளைவில், நாற்பதைக்கூடத் தொடாத வேகத்தில், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாமல் நேராகத் தடுப்புச்சுவரைப் பார்த்து நழுவியது. பின் சீட்டில் என் மகள். ஒரு வினாடிதான், அப்புறம் டயர் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால், முன் டயர்களில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள், கிட்டத்தட்ட தேய்மானக் கோட்டைத் தொட்டிருக்கிறது. பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டர் ஆழம்தான் மிச்சம் என்று காட்டும் கோடு அது. தப்பு என்னுடையதுதான், முன்பே மாற்றியிருக்க வேண்டும். அதனால்தான் இந்த முறை ஒழுங்காகப் பார்த்து வாங்க நினைத்தேன். விட்டால்தானே!

ஒரு கடையில் இதே அளவில் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பக்கவாட்டில் 87 டி என்று இருந்தது. வண்டியோடு வந்தது 87 வி. கேட்டால், "நம்மூர்ல யாருங்ணா எரநூத்தி நாப்பதுல போறாங்க?" என்கிறார். 87 என்பது டயர் தாங்கும் சுமைக்கு, எழுத்து உச்ச வேகத்துக்கு. 'வி' மணிக்கு 240 கிலோமீட்டர், 'டி' 190, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதில்லை, டயர் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதும் அதில்தான் இருக்கிறது. வண்டி செய்தவன் யோசித்துப் போட்ட எழுத்தைக் கடைக்காரர் ஒரு சிரிப்பில் குறைத்துவிடுகிறார்.

தயாரித்த தேதியைப் பார்க்கலாம் என்றால் அந்தப் பக்கத்தில் தேதியே இல்லை. பல டயர்களில் ஒரு பக்கம்தான் அந்தத் தேதியைச் சொல்லும் நான்கு இலக்க எண் இருக்கும். நானே புரட்டிப்போட்டு, செல்போன் வெளிச்சத்தில் தூசியைத் துடைத்துப் பார்த்தேன். 1421. அதாவது 2021-இன் பதினான்காவது வாரம், ஏப்ரல் மாதச் சரக்கு. விலை மட்டும் புது டயர் விலை! "டயருக்கு ஏதுங்ணா எக்ஸ்பயரி?" ரப்பர் சும்மா கிடந்தாலும் இறுகும் என்று தினமும் டயர் விற்கிறவருக்குத் தெரியாதா?

சரி, பணம் கூடப் போனாலும் பரவாயில்லை, நன்றாகப் பிடிக்கும் வெளிநாட்டு டயரே போடலாம் என்றால் ஸ்டாக் இல்லை. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு வந்ததிலிருந்தே இந்தப் பாடுதான். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அரக்கோணத்திலும் டயர் ஆலைகள் இருக்கிற மாநிலத்தில், ஒரே வாரத் தேதியில் நான்கு டயருக்கு நாயாய் அலைகிறேன்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று. ஐரோப்பாவில் 2012-லிருந்து டயரோடு ஒரு லேபிள் வருகிறது. ஈரச்சாலையில் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு அதில் ஓர் எழுத்துத் தரம் போட்டிருக்கும். வாங்குகிறவன் ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம். இங்கே நட்சத்திர லேபிள் ஒட்டினாலும் அது எரிபொருள் சிக்கனத்துக்கு. ரோட்டைத் தொடுவது சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். மழையில் அது பிடிக்குமா என்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

கடைசிக் கடையில் இன்னொன்றும் சொன்னார்கள். "ரெண்டு மட்டும் போடுங்ணா, புதுச முன்னாடி போட்டுக்கலாம்." இரண்டுதான் மாற்றுவதென்றால் புதியது பின்னால் போக வேண்டும். தேய்ந்ததைப் பின்னால் போட்டால் ஈரத்தில் வண்டியின் பின்பக்கம் வீசிக்கொண்டு போகும், அதை எல்லோராலும் சமாளிக்க முடியாது. இதை நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது!

195/55 ஆர்16, 87 வி, நான்கும் இந்த வருடத் தேதி, எந்தக் கடையில் இருக்கிறதென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திருப்பூர், ஈரோடு என்றாலும் வருகிறேன். அதுவரை வண்டி ஷெட்டில்தான், மகளை ஏற்றிக்கொண்டு இந்த டயரில் மலை இறங்க மாட்டேன்.