ஒரு மணி நேரம் போதாது

மட்டக்களப்புக் கோட்டையை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளோடு போனால் அது நடக்காது. போன கிழமை அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு குடும்பமாகப் போனோம். இளைய மகள் மதில் மேலிருந்த பீரங்கியின் வாய்க்குள் கையை விட்டுப் பார்த்து, "உள்ளுக்குக் குளிருது அம்மா" என்றாள். பிறகு அந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.

போர்த்துக்கேயர் 1628இல் கட்டியதை 1638இலேயே ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள் என்று மூத்தவனுக்குச் சொன்னேன். சுற்றிவர வாவியும் அகழியும் இருக்க எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டான். நல்ல கேள்வி! கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு கூட்டுச் சேர்ந்திருந்த கதையைச் சொல்லவே அரைமணி நேரம் போய்விட்டது.

வெளிச்சவீட்டை ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே, அதுதான் எனக்கு மனவருத்தம். பாலமீன்மடுவில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம், 1913இலிருந்து நிற்கிறது. உயரம் 28 மீற்றர். பின்னேரம் ஐந்து மணிக்குப் போங்கள், வெயில் தணிந்திருக்கும். அம்மம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, இருட்டும் வரை அதன் அடியிலேயே காற்று வாங்கிக்கொண்டு இருந்தார். சரி, அடுத்த முறை அதைப் பற்றித் தனியாகவே எழுதுங்கள்.