கைப்பிடி இல்லாத கதவு

அப்பா போன பிறகு எட்டு மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. கோயிலுக்குப் போவேன், பாமாலைப் புத்தகத்தில் பக்கம் திருப்புவேன், எல்லாரும் எழுந்தால் நானும் எழுந்து நிற்பேன். வாய் அசையும், அவ்வளவுதான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நிறைய வசனங்கள் சொன்னார்கள். எல்லாம் அன்பில் சொன்னதுதான். ஆனால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு பழைய படம்.

எங்கள் ஊர், மெய்ஞானபுரம் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரம். அங்கே இருந்த பழைய வீட்டைக் காலி செய்தபோது கட்டில், பாத்திரம் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டோம். சட்டம் செல்லரித்துப்போன அந்தப் படத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் எடுத்து வந்தேன். இருட்டு நேரம். தலையில் முள்முடி, இடது கையில் விளக்கு. செடிகொடி மண்டிக் கிடக்கிற ஒரு கதவை வலது கையால் தட்டுகிறார் இயேசு. உங்களில் பலர் வீட்டிலும் இது ஏதாவது ஒரு வடிவத்தில் தொங்கியிருக்கும்.

கரண்ட் போனால் ஆச்சி அரிக்கேன் விளக்கை இந்தப் படத்துக்குக் கீழேதான் கொண்டுவந்து வைப்பாள். "எங்க, கைப்பிடியைக் காட்டு பாப்போம்" என்பாள். தேடித் தேடிப் பார்ப்போம். கதவில் கைப்பிடியே கிடையாது. "அது உள்பக்கம் இருக்குலே. அவரு உடைச்சிக்கிட்டு வரமாட்டாரு."

வரைந்தவர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட் என்ற ஆங்கிலேயர். 1851-இல் தொடங்கியிருக்கிறார். நிலா வெளிச்சம் சரியாக வர வேண்டும் என்று இரவில் வெட்டவெளியில் உட்கார்ந்து வரைந்தாராம். அது இன்று ஆக்ஸ்ஃபோர்டு கீபிள் கல்லூரியில் இருக்கிறது. ஐம்பது வருடம் கழித்து அதே படத்தை ஆள் உயரத்துக்குத் திரும்ப வரைய நினைத்தபோது அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. இன்னொரு ஓவியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு முடித்தார். அது லண்டன் புனித பவுல் பேராலயத்தில் இருக்கிறது. இதை வாசித்ததும் எனக்கு ஆச்சிதான் நினைவுக்கு வந்தாள். கடைசி நான்கு வருடம் அவளுக்கும் கண் தெரியாது. ஆனாலும் குடும்ப ஜெபத்துக்கு அந்தச் சுவர்ப் பக்கமே முகத்தைத் திருப்பி உட்காருவாள்.

படம் வைப்பது தப்பு என்பவர்கள் இருக்கிறார்கள். அதில் இருப்பது வெள்ளைக்கார முகம் என்பவர்களும் உண்டு, அது நியாயமான பேச்சுதான். எனக்கு உடன்பாடில்லாதது வேறு. இந்தப் படத்தை வைத்து நான் கேட்ட பிரசங்கமெல்லாம் "திறக்காவிட்டால் உன் கதி என்ன" என்றே முடியும். இந்தப் படத்துக்கு அடிப்படையான பைபிள் வசனம், வெளிப்படுத்தின விசேஷம் 3:20-ஐக் கடைசிவரை வாசித்துப் பாருங்கள். அது லவோதிக்கேயா சபைக்கு, ஏற்கெனவே விசுவாசிகளாக இருந்தவர்களுக்கு எழுதியது. உள்ளே வந்து அவர் என்ன செய்யப்போகிறார்? "அவனோடே போஜனம்பண்ணுவேன், அவனும் என்னோடே போஜனம்பண்ணுவான்." அசனத்துக்கு, அதாவது கோயில் விருந்துக்கு, ஊரே ஒன்றாகப் பந்தியில் உட்காருகிற நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் சித்தப்பா அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போனவர். ஒன்பது வருடம் தகவலே இல்லை. அத்தனை வருடமும் ராத்திரி திண்ணை விளக்கை அணைக்க ஆச்சி விட்டதில்லை. ஒரு நாள் நடு ஜாமத்தில் கதவு தட்டுகிற சத்தம். தாழ்ப்பாளைத் திறந்தது அப்பா. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் நின்றார்கள். உள்ளேயிருந்து ஆச்சி குரல்தான் வந்தது: "சாப்பிட்டியாலே?" அப்பா அடுப்படிக்குப் போய் மிச்சமிருந்த மீன்குழம்பைச் சூடு பண்ணினார். தட்டு இரண்டு எடுத்து வைத்தார். ராத்திரி சாப்பாடு முடித்துப் படுத்தவர், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தடவை சாப்பிட்டார். எனக்கு அப்போது பத்து வயது. போர்வைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து தூசி தட்டும்போது அந்த ராத்திரி அப்படியே திரும்பி வந்தது. எட்டு மாதம் நான் திறக்கவில்லை. அவரும் விளக்கைக் கீழே வைக்கவில்லை. இதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்த படம், அன்றைக்குத்தான் அந்த முகத்தில் கோபம் இல்லை என்று கவனித்தேன்.

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். நீளமாக ஒன்றும் வரவில்லை. ஒரு கேள்விதான் கேட்க முடிந்தது.

"ஆண்டவரே, அப்பா சாப்பிட்டாங்களா?"