பச்சை என்றால் எந்தப் பச்சை?

மூன்று மாதமாக ஒரு மிக்-21 போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் என் மேசையில் பிரைமர் அடித்த சாம்பல் உடம்போடு அப்படியே நிற்கிறது. ஒட்ட வேண்டியதெல்லாம் ஒட்டியாகிவிட்டது. இடுக்குகளில் புட்டி வைத்துத் தேய்த்தாகிவிட்டது. பெயின்ட் அடிப்பதுதான் பாக்கி, அதற்குத்தான் கை வரவில்லை. 1971 போரில் பறந்த, மிக்-21ல் ஒரு வகையான மிக்-21எஃப்எல் விமானத்துக்கு என்ன பச்சை அடித்தார்கள் என்று ஆதாரத்தோடு சொல்கிற ஓர் இடம் எனக்குக் கிடைக்கவில்லை. சும்மா சொல்கிறவர்களுக்குக் குறைச்சலே இல்லை. ஆளுக்கொரு பச்சை சொல்கிறார்கள், அதுவும் அடித்துச் சொல்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

இதே நான் வியட்நாம் போரில் பறந்த அமெரிக்க ஃபேண்டம் விமானத்தைச் செய்திருந்தால் இந்தக் கேள்வி ஒரு சாயங்காலத்தில் தீர்ந்திருக்கும். பழுப்பு 30219, நடுத்தரப் பச்சை 34102, கரும்பச்சை 34079, அடிவயிற்றுச் சாம்பல் 36622. நான்கே எண்கள். ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 என்று அமெரிக்க அரசு போட்ட வண்ண அட்டையில் இருப்பவை. முதல் இலக்கம் 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் பாதிப் பளபளப்பு, 3 என்றால் மங்கல். பெயின்ட் டப்பாவைத் தேடுவதும் சுலபம். மிஸ்டர் ஹாபி என்ற மாடல் பெயின்ட் கம்பெனியின் எச்307 வாங்கினால் 36320 என்ற சாம்பல், எச்308 வாங்கினால் 36375 என்ற சாம்பல். பிரிட்டிஷ் விமானமா, பிஎஸ் 381சி என்ற அவர்கள் வண்ண அட்டை இருக்கிறது. 641 கரும்பச்சை, 638 அடர் கடற்சாம்பல். வெயிலில் எவ்வளவு வெளுத்திருக்கும், எந்த மூலையில் எண்ணெய்க் கறை என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தொடங்குவதற்கு ஓர் இடம் இருக்கிறது, அது போதும்.

நம் விமானத்துக்கு அந்தத் தொடக்கமே இல்லை. 1963ல் மிக்-21 இந்திய விமானப்படைக்கு வந்தபோது வெள்ளியாக மின்னியது. 1965 செப்டம்பர் 6 அன்று பதான்கோட்டில் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்கள் தாழப் பறந்து வந்து, தரையில் நின்ற விமானங்களைச் சுட்டு எரித்தன. எரிந்தவற்றில் இரண்டு மிக்-21. வெட்டவெளியில் மின்னிக்கொண்டு நிற்கும் விமானம் மேலிருந்து வருகிறவன் கண்ணில் எப்படிப் படும் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. 1971 போருக்கு எஃப்எல் விமானங்கள் பச்சை, பழுப்பு என்று உருமறைப்பு பூசிக்கொண்டு நின்றன. பல விமானங்களுக்குத் தளத்திலேயே, கையில் இருந்த பெயின்டைக் கொண்டு அவசரமாக அடித்தார்கள். அதனால் ஸ்குவாட்ரனுக்கு ஸ்குவாட்ரன், அதாவது படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு, நிறம் மாறும். டிசம்பர் 14 அன்று டாக்காவில் ஆளுநர் மாளிகையை ராக்கெட்டால் தாக்கியது இந்த எஃப்எல்தான். பங்களாதேஷ் என்ற ஒரு நாட்டின் பிறப்பில் பங்கெடுத்த விமானம். அதன் நிறம் என்ன என்று கேட்டால் பதில் இல்லை என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இருக்கிற படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அதில் ஒன்றை லென்ஸ் வைத்து எத்தனை இரவு பார்த்திருப்பேன்! விமானப்படையின் வட்டச்சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. அந்த உள்வட்டப் பச்சையைத்தான் நான் அளவுகோலாகப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருக்கும் உருமறைப்புத் திட்டு அதைவிட இருட்டாக இருக்கிறதா, வெளிச்சமாக இருக்கிறதா? இருட்டாக இருக்கிறது. சரி, கருமையான நிறம். ஆனால் அது கரும்பச்சையா, கரும்பழுப்பா? கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் ஒரே சாம்பல்தான். காவி வளையமும் பச்சை வட்டமுமே அதில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரிகின்றன என்றால் மற்றதை எப்படிப் பிரிப்பது?

கலர்ப் படம் கிடைத்தாலும் கதை முடிவதில்லை. பழைய ஃபிலிம் நிறம் இழந்து ஊதா கலந்த சிவப்புக்குச் சாயும். சாயங்கால வெயிலில் எடுத்தால் எல்லாப் பச்சையும் பழுப்பு. இப்போது சூலூரில் நிற்கும் தேஜஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தில் சாம்பல், அடுத்த படத்தில் நீலம். நேற்று எடுத்த படத்துக்கே இந்தக் கதி என்றால் ஐம்பது வருஷப் படத்தை என்னவென்று நம்புவது?

என் கோபம் படங்கள் மேல் இல்லை. ஊகத்தை உண்மையாக்கி விற்கிறவர்கள் மேல். இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஓர் ஓவியர் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, இது பச்சையாக இருக்கலாம் என்று விமானத்தின் பக்கவாட்டுப் படம் வரைகிறார். அவர் செய்தது தப்பில்லை, ‘இருக்கலாம்’ என்று கீழே ஒரு வரி எழுதியிருந்தால். எழுதுவதில்லை. அந்த ஓவியம் புத்தகத்தில் வருகிறது. புத்தகத்தைப் பார்த்து டெக்கால், அதாவது மாடலில் ஒட்டுகிற சின்னத் தாள், போடுகிறவர் தன் தாளில் அதே பச்சையைக் குறிக்கிறார். டெக்காலைப் பார்த்து, மாடல் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கிற கிட் கம்பெனி தன் பெட்டியில் அச்சடிக்கிறது. நூறு பேர் அதைப் பார்த்து மாடல் செய்து படம் போடுகிறார்கள். கடைசியில் நான் போய், இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், “இத்தனை பேர் இப்படித்தான் அடித்திருக்கிறார்கள், நீ என்ன பெரிய ஆளா?” என்று திருப்பிக் கேட்கிறார்கள். நூறு பேர் இல்லை ஐயா, ஒரே ஒருவர். மீதி தொண்ணூற்றொன்பது பேரும் அவரைப் பார்த்து எழுதியவர்கள்.

இப்போது புதிதாக ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து வண்ணம் பூசி, ‘அரிய கலர்ப் படம்’ என்று போடுகிறார்கள். அப்படி ஒன்றில் காவி வளையம் ரத்தச் சிவப்பாக இருந்தது. நம் சின்னத்தின் நிறத்தையே தப்பாகப் போட்ட கருவி உருமறைப்பை மட்டும் சரியாகப் போட்டுவிடுமா? கீழே ஐந்நூறு பேர் கைதட்டியிருக்கிறார்கள். இனி வருகிற பையன் அதைத்தான் ஆதாரம் என்று சேமித்து வைத்துக்கொள்வான்.

நிறம்தான் இப்படி என்றால் உடம்பும் அப்படித்தான். 1971 சின்னங்கள் என்று போட்ட ஒரு பெட்டியை ஆசையாக வாங்கினேன். திறந்தால் உள்ளே பருத்த முதுகோடு, பின்னால் வந்த வகையான மிக்-21பிஸ். எஃப்எல்லுக்கு முதுகு மெலிசு. விமானி உட்காரும் இடத்தின் மேல்கண்ணாடி முன்பக்கக் கீலில் மொத்தமாகத் தூக்கித் திறக்கும். உடம்புக்குள் பீரங்கி கிடையாது. ஜிபி-9 என்ற பெட்டியை வயிற்றின் கீழ் மாட்டித்தான் அதிலிருக்கும் 23 மில்லிமீட்டர் இரட்டைக்குழல் பீரங்கியால் சுடுவார்கள். பார்த்த மாத்திரத்தில் தெரிகிற வித்தியாசம் இது. இதைக்கூடக் கவனிக்காதவர்கள் போட்ட பெயின்ட் குறிப்பை எந்த நம்பிக்கையில் பின்பற்றுவது?

நேரில் பார்த்துவிடலாம் என்று, ஓர் ஊரில் ஞாபகார்த்தமாக நிறுத்தியிருக்கும் மிக் விமானத்தைத் தேடிப் பஸ் ஏறிப் போனேன். கேட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயின்டை அடித்து வைத்திருக்கிறார்கள். பளபளவென்று மின்னுகிறது. மிக் விமானத்தின் சக்கர நடுப்பகுதி பளீர்ப் பச்சையாக இருக்கும். அங்கே டயரோடு சேர்த்துக் கறுப்பு. கண்ணாடி மேலும் பெயின்ட். பறந்த விமானம் அது. ஒருவர் உயிரைப் பணயம் வைத்து அதில் உட்கார்ந்திருக்கிறார். சுரண்டிப் பார்த்தால் அடியில் பழைய நிறம் இருக்குமோ என்று கை துடித்தது. சுரண்டவில்லை. வெயிலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ரகசியம் என்று ஒரு காரணம் சொல்வார்கள். சூலூர், தஞ்சாவூர் விமானத் தளங்களின் பக்கம் கேமரா தூக்கக் கூடாது என்றால் எனக்குப் புரிகிறது, நான் தூக்க மாட்டேன். ஆனால் எஃப்எல் 2013 டிசம்பரிலேயே ஓய்வு பெற்றுவிட்டது. கடைசி மிக்-21ஐயும் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் வழியனுப்பியாகிவிட்டது. 1971ல் எந்தக் கடையின் எந்தப் பச்சையை அடித்தோம் என்பதில் இன்னும் என்ன ரகசியம்? எங்கேயாவது ஒரு ஸ்டோர் ரிஜிஸ்டரில், இத்தனை லிட்டர் பெயின்ட், இன்ன நிறம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் கரையான் அரிக்கும் முன் அதை ஸ்கேன் செய்து வெளியே வையுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

“பொம்மைக்கு எதுக்குப்பா இவ்வளவு? யார் பார்க்கப் போறாங்க?” என்று வீட்டில் கேட்கிறார்கள், நண்பர்களும் கேட்கிறார்கள். 1/72 அளவில், அதாவது நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கில், இறக்கை பத்து சென்டிமீட்டர்கூட வராது, உண்மைதான். ஆனால் அதைப் பார்க்கிற ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

விமானப்படையில் தரைப்பணி செய்து ஓய்வு பெற்ற பெரியவர், எண்பதை நெருங்குகிறார். போன மாதம் நான் செய்து முடித்த இன்னொரு மிக்கை அவரிடம் காட்டினேன். ஏர்பிரஷ்ஷில் அடித்தது, இரண்டு நிறமும் சேரும் இடம் புகைபோலக் கலந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றி, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் ஆள்காட்டி விரலால் இறக்கையை மெதுவாகத் தடவினார்.

“இவ்வளவு வழவழன்னு இருக்காது தம்பி. பிரஷ்ஷால அடிச்சதும் உண்டு. கோடு கோடாத் தெரியும், கையில உரசும்.”

எந்தப் பச்சை அண்ணா என்று கேட்டேன். வாசலில் இருந்த வேப்பமரத்தைப் பார்த்தார், எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அடித்ததுதான் நினைவிருக்கிறது என்றார். இத்தனை வருஷத்தில் இதை அவரிடம் யாருமே கேட்டதில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை வண்ண அட்டையோடு வரச் சொல்லியிருக்கிறார். பகல் வெளிச்சம் இருக்கும்போதே வா என்றார்.