சின்னக் கடனாளிக்கு விளம்பரம், பெரிய கடனாளிக்கு மூடிய உறை

நாளிதழில் வரும் வங்கி ஏல அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். கடன் வாங்கியவர் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், ஜாமீன் போட்டவர் பெயர், பாக்கித் தொகை, வீட்டின் நான்கு எல்லைகள், எல்லாம் அச்சில் இருக்கும். அடமானச் சொத்தை வங்கியே எடுத்து விற்க வழி செய்யும் சர்ஃபேசி சட்டத்தின் கீழ் வீட்டைக் கையகப்படுத்தினால் இரண்டு நாளிதழ்களில், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், அறிவிக்க வேண்டும் என்பது விதி. வாங்க வருகிறவருக்குத் தெரிய வேண்டுமே, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடன் கட்டாதவரின் புகைப்படத்தையே பத்திரிகையில் போடுவோம் என்று ஒரு வங்கி கிளம்பியபோது, அதில் தவறில்லை என்று 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தக் குடும்பத்துக்குத் தெருவில் என்ன மரியாதை மிஞ்சும்?

சரி, பெரிய கடனாளிகள் விஷயத்துக்கு வருவோம். தொழில்துறையின் முதல் 100 கடன் பாக்கிதாரர்களின் பட்டியலைக் கொடுங்கள் என்று 2011இல் மத்திய தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி ரிசர்வ் வங்கிக்கு உத்தரவிட்டார். கொடுக்கவில்லை. 'வங்கிகள் எங்களை நம்பித் தந்த தகவல் இது, வெளியே சொன்னால் நாட்டின் பொருளாதார நலன் கெடும்' என்று வழக்காடினார்கள். 2015 டிசம்பரில் ஜெயந்திலால் மிஸ்திரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. எந்த வங்கிக்கும் ஆதாயம் தேடித் தருவது ரிசர்வ் வங்கியின் வேலை இல்லை, பொதுமக்களின், டெபாசிட்தாரர்களின் நலனைக் காப்பதுதான் அதன் கடமை என்று தெளிவாகச் சொன்னது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டே, எதையெல்லாம் தர மாட்டோம் என்று ரிசர்வ் வங்கி ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. அது தீர்ப்புக்கு எதிரானது, திரும்பப் பெறுங்கள், இது கடைசி வாய்ப்பு என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எச்சரிக்க வேண்டியிருந்தது. நாட்டின் உச்ச நீதிமன்றத்தையே மூன்று வருடத்துக்கு மேல் காக்க வைக்கிறவர்கள், கவுன்ட்டரில் கணக்குக் கேட்கும் ஓய்வூதியக்காரருக்கு என்ன பதில் சொல்வார்கள்? இடையில் 2016இல், 500 கோடிக்கு மேல் பாக்கி வைத்தவர்களின் பட்டியலை நீதிமன்றம் கேட்டபோது அது மூடிய உறையில் போய்ச் சேர்ந்தது. வங்கிகள் வழக்குத் தொடர்ந்த கடன்களின் பட்டியல், கடன் வரலாற்றைத் திரட்டும் சிபில் நிறுவனத்தின் தளத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் வங்கிக்குள் போய் என்ன கண்டார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை.

தெரியாததன் விலை என்ன என்பதை மும்பையின் பி.எம்.சி. (பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு) வங்கியில் பணம் போட்டவர்களைக் கேட்க வேண்டும். 2019 செப்டம்பரில் ஒரே நாளில், ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவித்தார்கள். மொத்தக் கடனில் எழுபது சதவீதத்துக்கு மேல் எச்.டி.ஐ.எல். என்ற ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21,049 போலிக் கணக்குகள். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை, ஓய்வு பெற்றபோது கிடைத்ததைப் போட்டவர்கள் வங்கி வாசலில் நின்று அழுததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆய்வறிக்கையைக் காட்டினால் மக்கள் பதறிப் பணத்தை எடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். அறிக்கை ஒழுங்காக வெளியே வரும் என்று தெரிந்தால், ஒரே கம்பெனிக்கு இப்படி அள்ளிக் கொடுக்கத் துணிந்திருப்பார்களா?

அப்புறம் தேர்தல் பத்திரங்கள், அதாவது பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர ஸ்டேட் வங்கி விற்ற பத்திரங்கள். 2024 பிப்ரவரியில் திட்டமே செல்லாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. விவரங்களைத் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது, அதாவது மக்களவைத் தேர்தல் முடியும் வரை. மொத்தம் இருந்தது 22,217 பத்திரங்கள். வாங்கியவர் விவரம் ஓரிடத்தில், பணமாக்கிய கட்சி விவரம் இன்னோரிடத்தில் என்று காரணம் சொன்னார்கள். மறுநாளே கொடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னதும் கொடுத்துவிட்டார்கள். அதிலும், யார் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பொருத்திப் பார்க்க உதவும் பத்திர எண்கள் இல்லை. அதற்கு இன்னொரு முறை கண்டிப்பு தேவைப்பட்டது.

வாடிக்கையாளரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. என் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது என் விஷயம். ஆனால் நூற்றுக்கணக்கான கோடி வாராக்கடனாகி, தள்ளுபடிக் கணக்கில் எழுதப்பட்டால் அந்த நஷ்டத்தைத் தாங்குவது யார்? அரசு வங்கி என்றால் முதலீடு என்ற பெயரில் வரிப்பணம் போகிறது. நம் பணம் போகும்போது யாருக்காகப் போனது, யார் கையெழுத்துப் போட்டு அந்தக் கடனைக் கொடுத்தார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஒவ்வொரு வங்கியின் ஆய்வறிக்கையும், தனி வாடிக்கையாளர் விவரங்களை மட்டும் நீக்கிவிட்டு, யாரும் மனுப் போடாமலே ஆண்டுதோறும் இணையத்தில் வர வேண்டும்.