ஆக்டேன் வேறு, மைலேஜ் வேறு

ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் பங்கில் நடந்ததை அன்றே எழுதியிருந்தேன். பின்னால் நின்றவர் என்னைக் 'கஞ்சன்' என்றது இன்னும் மனதை விட்டு அகலவில்லை. "பிரீமியம் போட்டா மைலேஜ் கூடும் சார்" என்று பெட்ரோல் போடும் பையன் சொன்னதை மறுத்து, சாதாரண பெட்ரோல் கேட்டதற்குக் கிடைத்த பட்டம் அது.

மீண்டும் சொல்கிறேன், ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைக் குறிப்பதன்று. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, தானாகப் பற்றிக்கொள்ளாமல் அது எவ்வளவு தாங்கும் என்பதையே குறிக்கிறது. 91 ஆக்டேனுக்கென வடிவமைத்த, 'நாக்கிங்' (பெட்ரோல் தானாகப் பற்றிக்கொண்டு என்ஜின் தட்டும் சத்தம்) இல்லாத என்ஜினில் 95 ஆக்டேன் பிரீமியம் ஊற்றினால் அந்தக் கூடுதல் தாங்குதிறனுக்கு அங்கே வேலையே இல்லை. எத்தனாலின் ஆக்டேன் எண் 100-ஐத் தாண்டும். ஆனால் லிட்டருக்கு அது தரும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் கூடினால் மைலேஜ் கூடும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

என் அப்பா வாடகைக் கார் ஓட்டியவர். டேங்க் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வார். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. சென்ற ஆண்டு ஒரே பங்கில், வழக்கமாக அலுவலகம் போய்வரும் அதே ஓட்டத்தில், ஐந்து டேங்க் சாதாரணமும் ஐந்து டேங்க் பிரீமியமும் போட்டுப் பார்த்தேன். லிட்டருக்குச் சாதாரணத்தில் 16.4 கிலோமீட்டர், பிரீமியத்தில் 16.6. நூறு ரூபாய் பெட்ரோலுக்கு எட்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், அதற்கு ஈடாக லிட்டருக்கு 17.7 கிலோமீட்டராவது கிடைக்க வேண்டும்.

காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ என்ஜின் இருக்கிறதே என்பீர்கள். கையேட்டில் 95 என்று போட்டிருந்தால் தாராளமாக 95 போடுங்கள், அதை நான் மறுக்கவில்லை. பிரீமியம் போட்டால் என்ஜின் சுத்தமாக இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும், அதைச் சொல்லி விற்கட்டும், மைலேஜ் என்று சொல்லி விற்க வேண்டாம். வண்டி நன்றாக இழுத்து ஓடுவது போலத் தெரிகிறது என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு முறையாவது டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தீர்களா?

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை, சொல்லச் சொன்னதை அவன் சொன்னான். அவன் பேச்சை நம்பி, அன்றாடம் ஓட்டிப் பிழைப்பவர் முப்பது லிட்டருக்கு 240 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போகிறாரே, அதுதான் வலிக்கிறது. என் அப்பா மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தது இப்படி ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வைத்துத்தான். அதைக் கஞ்சத்தனம் என்று யாரும் என் முன்னால் சொல்ல வேண்டாம். பத்து டேங்க் கணக்கும் எழுதிய நோட்டு என் காரின் டாஷ்போர்டில்தான் இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.