சாவி யார் கையில்?

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில், எதிரி நாட்டுக் கைதிக்கும் கோர்ட்டுக்குப் போக வழி வேண்டும் என்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் மைக்கைப் பிடுங்கிய வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். “எதிரி நாட்டுக்காரனுக்கு என்னத்துக்குக் கோர்ட்டு?” என்றார். கைதட்டல் வேறு. சரி, மிச்சத்தை இங்கே பேசிக்கொள்கிறேன். இங்கே மைக் என்னுடையது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். ஒருத்தனைப் பூட்டிவைத்தால், சாவி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

கியூபாவில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைத் தளம் குவாண்டனாமோ. அங்கே 2002 ஜனவரியிலிருந்து சுமார் 780 பேரை அமெரிக்கா அடைத்துவைத்தது. ‘அது கியூபா மண், 1903இல் குத்தகைக்கு எடுத்தது, அங்கிருக்கும் வெளிநாட்டான் எங்கள் நீதிமன்றப் படி ஏற முடியாது’ என்பது அரசின் வாதம். அதே குத்தகைப் பத்திரத்தில் முழு அதிகாரமும் கட்டுப்பாடும் அமெரிக்காவுக்கு என்று எழுதியிருக்கிறது! 2004இல் ரசூல் என்ற கைதியின் வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் கதவைத் திறந்தது. அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டுச் சாத்தியது. 2008இல் பூமேதியன் என்ற கைதியின் வழக்கில் கோர்ட் 5-4 என்று ஒற்றை ஓட்டில் மறுபடி திறந்தது. அந்த மனிதர் போர்க்களத்தில்கூடப் பிடிபடவில்லை, போஸ்னியாவில் பிடித்துக் கொண்டுபோனார்கள். ஏழு வருடம் கழித்து ஒரு நீதிபதி உட்கார்ந்து பார்த்தபோது, அடைத்துவைக்க ஆதாரம் போதவில்லை.

எங்கள் வீடு பதினோரு பங்காளிக்குப் பொது. சாவி அப்பச்சியிடம். ஒருநாள் இரண்டாங்கட்டில் தெரியாத பையன் ஒருவன் நாடா வைத்துக் கதவை அளந்துகொண்டிருந்தான். திருடன் என்று சாமான் அறையில் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். பொழுது சாய்ந்தும் யாரும் எதுவும் கேட்கவில்லை. “பொது வீடு, நான் மட்டும் என்ன முடிவு பண்றது?” என்றார் அப்பச்சி. அப்பத்தா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “சாவி ஒன் இடுப்புலதானே தொங்குது?” திறந்தபோது பையன் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். பழைய சாமான் கடைப் பையன். கதவுக்கு விலை கேட்டு அவனை அனுப்பிய பங்காளி யார் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மைக் அவர் கையில் இருந்தது.

“கொல்ல வந்தவனுக்கு வக்கீலா?” என்பீர்கள். மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாப்புக்குக் கொடுத்தோமே? நம் சுப்ரீம் கோர்ட் வரை போய், 2012இல் தூக்கு. நாடு குடிமுழுகிப் போனதா? ஜெயிலில் அவன் பிரியாணி கேட்டான் என்ற கதையை எடுக்காதீர்கள், அதைச் சொன்ன அரசு வக்கீலே கட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டார். கைதானவருக்கு வக்கீல் வைக்கும் உரிமை தருகிற நம் அரசியல் சட்டத்தின் 22வது பிரிவில் எதிரி நாட்டவருக்கு விலக்கு இருக்கிறதே என்று என் ஜூனியர் வக்கீல் பையன் கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் சட்டப்படி அல்லாமல் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிற 21வது பிரிவு ‘எந்த நபரையும்’ என்கிறது, குடிமகனை என்று சொல்லவில்லை. மற்றதை அப்புறம் பேசலாம்.

கைதியை விடுதலை செய் என்று நான் எங்கே சொன்னேன்? ஏன் அடைத்தாய் என்று கேட்க ஒரு ஆள் வேண்டும் என்றேன். இதற்குத் தேசத்துரோகியாம். இருபது வருடம் கருப்புக் கோட்டு போட்டதற்குச் சொந்தக்காரர் கொடுத்த பட்டம். பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

இப்போது வீட்டுச் சாவி என்னிடம். நேற்று கேட்டு ஆள் அனுப்பியிருந்தார் அண்ணன். நேரில் வரட்டும், காபி போட்டுத் தருகிறேன். ஆளை அனுப்ப வேண்டாம். போன தடவை அனுப்பிய பையனுக்கு என்ன ஆனது என்று அவருக்கே தெரியும்.