அக்கா, இது சமநிலையா?

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இந்த வருடம் பி.எட். சேர்ந்திருக்கிறாள். பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே அவர்கள் துறையும் இருக்கிறது. முதலாமாண்டு இளங்கலைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்க விருப்பமுள்ள பி.எட். மாணவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்களாம். சம்பளம் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. "கொடுக்கட்டுமா அக்கா?" என்று போன் செய்தாள். பின்னாலிருந்து அவள் அப்பா, "உனக்கே ரெக்கார்டு எழுத நேரமில்லை, இதுல என்ன கிடைக்கும்?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. நியாயமான கேள்விதான். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாகச் சொல்கிறேன்.

அவர் சொல்வதில் பொய்யில்லை. 2015இல் பி.எட். இரண்டு வருடப் படிப்பானதிலிருந்து வேலை நிறையவே இருக்கிறது. லெசன் பிளான், சார்ட், ரெக்கார்டு, இரண்டாம் வருடம் 16 வாரம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி. இதற்கு நடுவில் சாயங்காலம் ஒரு மணி நேரத்தை எடுத்து யாரோ ஒரு பி.எஸ்சி. பிள்ளைக்குக் கொடுப்பானேன்?

பி.எட். படித்தவர்களுக்கு மைக்ரோ டீச்சிங் நினைவிருக்கும். ஐந்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டும், எதிரே எட்டு பத்துப் பேர் மாணவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் நம் வகுப்புத் தோழிகள். கேள்வி கேட்டால் கை தூக்குவார்கள், சரியான பதில் சொல்வார்கள், நாளை நாம் அவர்களுக்குச் சொல்ல வேண்டும் இல்லையா. அந்த அறையில் புரியாதவர் என்று ஒருவர்கூட இருக்க மாட்டார். நான் அதை நன்றாகவே செய்தேன், பாராட்டும் வாங்கினேன். ஆனால் உண்மையிலேயே புரியாத ஒரு பிள்ளையின் முகத்தை அதுவரை கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

பார்த்தது 2017இல், வழிகாட்டியாகப் பெயர் கொடுத்த பிறகுதான். எனக்கு ஒதுக்கிய பெண் பேராவூரணிப் பக்கம், பன்னிரண்டு வரை தமிழ் வழி, வேதியியல் முதல் வருடம். நோட்டைக் காட்டச் சொன்னேன், தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். பக்கம் பக்கமாக அழகான கையெழுத்து, அத்தனையும் தமிழ் எழுத்தில் ஆங்கிலம். வகுப்பில் காதில் விழுந்ததை விழுந்தபடியே எழுதியிருந்தாள். ஓரிடத்தில் "இக்குலி பிரியம்" என்று இருந்தது. இரண்டு முறை வாய்விட்டுப் படித்த பிறகுதான் எனக்கே அது ஈக்விலிப்ரியம் என்று பிடிபட்டது. "சமநிலைம்மா, பதினொண்ணாம் வகுப்புல படிச்சிருப்பியே, வேதிச் சமநிலை" என்றேன். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அக்கா, இது சமநிலையா? இது எனக்குத் தெரியுமே!" என்றவள் அந்தப் பாடத்தில் வரும் லீ சாட்லியர் கொள்கையை மூச்சுவிடாமல் தமிழில் சொன்னாள். மூன்று மாதமாகத் தனக்குத் தெரிந்த பாடத்தையே தெரியாது என்று நினைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் அந்தப் பெண். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் நானும் தமிழ் வழிதான், என் முதல் செமஸ்டரும் இப்படித்தான் போனது, அப்போது என் நோட்டை வாங்கிப் பார்க்க யாரும் இல்லை.

அவள் ஏன் பேராசிரியரிடம் கேட்கவில்லை என்றால், மேடத்திடம் "புரியலை" என்று சொல்ல வாய் வராது. அக்காவிடம் வரும். பி.எட். பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும், மதிப்பெண் போடும் அதிகாரம் கிடையாது, அதே மெஸ்ஸில் அதே சாம்பாரைச் சாப்பிடுகிறவர்கள். உளவியலாளர் வைகாட்ஸ்கியைப் பத்து மார்க் விடையாக மனப்பாடம் செய்திருந்தேன், தன்னைவிடச் சற்றே கூடத் தெரிந்த ஒருவர் துணையிருந்தால் பிள்ளை தனியாக எட்ட முடியாததை எட்டும் என்று. அன்று சாயங்காலம்தான் அது எனக்கு விளங்கியது. நம் கும்பகோணத்தில் ராமானுஜன் சிறுவனாக இருந்தபோது அவர் வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், திரிகோணவியல் புத்தகம்கூட அப்படிக் கைமாறி வந்ததுதான். அவர்களுக்கு யார் சம்பளம் கொடுத்தது?

அப்புறம், இது பாடத்தோடு நிற்கிற வேலையும் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. அவள் போன் பல நாள் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தோழியும் பஸ் பிடித்துப் போனோம். தென்னந்தோப்பு முழுக்கச் சாய்ந்து கிடந்தது, வீட்டுக்கு ஓடு இல்லை. திண்ணையில் அவள் ரெக்கார்டு நோட்டுகளை வரிசையாக விரித்து, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஓட்டுத் துண்டை வைத்துக் காயப் போட்டிருந்தாள். "இனிமே வரலைக்கா, அப்பாவால முடியாது" என்று சொன்னவள் எதற்கு அந்த நோட்டுகளைக் காய வைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. ஊறிப்போன பக்கங்களை ஹாஸ்டலில் நாலு பேர் உட்கார்ந்து திரும்ப எழுதிக் கொடுத்தோம், வருகைப் பதிவு குறைந்ததற்குத் துறைத் தலைவரிடம் கூடப் போய் நின்றோம். டிகிரியை முடித்தாள். பள்ளியில் இப்போது ஒரு பிள்ளை நாலு நாள் வரவில்லையென்றால் ரெஜிஸ்டரில் ஆப்சென்ட் போட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. எந்த லெசன் பிளானும் இதை எனக்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

சான்றிதழுக்காகப் பெயர் கொடுப்பவர்களும் உண்டு. பாதிப் பேர் இரண்டாவது வாரமே வர மாட்டார்கள், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். வகுப்பெடுக்க ஆள் போதாத இடங்களில் "நம்ம பி.எட். பிள்ளைகள் பார்த்துக்குவாங்க" என்று தள்ளிவிடுகிறார்கள். அது தவறு. பாடம் நடத்த வேண்டியவர் பேராசிரியர், அதற்குத்தான் அந்தப் பணியிடம். கூட உட்கார்ந்து நோட்டைப் பார்க்கிற அக்காவை ஆசிரியர் நாற்காலியில் உட்கார வைத்தால் அந்தப் பிள்ளைக்கு அக்காவும் இல்லாமல் போய்விடுவாள்.

அதனால் போன் செய்த பெண்ணின் அப்பாவிடம் சொன்னேன், பெயர் கொடுக்கட்டும் சார், வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு பிள்ளை போதும், ரெக்கார்டு வேலை நெருக்கும்போது ஒரு வாரம் வர முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடட்டும் என்று. அவளிடம் வேறொன்று கேட்டேன், உன் பதினொண்ணு, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் வழிப் புத்தகமெல்லாம் வீட்டில் இருக்கிறதா என்று. பரணில் இருக்கிறதாம், போகிக்கு எடைக்குப் போடலாம் என்று அம்மா எடுத்து வைத்திருக்கிறார்களாம். போடாதே, முதல் நாளே அதைப் பையில் எடுத்துக்கொண்டு போ என்றேன்.